அடையாறில் ஒரு மாண்டிசோரி அம்மா

மயிலாப்பூரிலோ தி.நகரிலோ கொஞ்ச தூரம் நடந்தால் ஒரு 'மாண்டிசோரி' போர்டு கண்ணில் பட்டுவிடும். சில இடங்களில் அது அபார்ட்மெண்ட்டின் தரைத்தளம்தான். மரக்கட்டைகள், மணிகள் எல்லாம் அலமாரியில் இருக்கும். மண் மட்டும் இருக்காது!

அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் இதே சென்னையில் வாழ்ந்தவர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? இத்தாலியின் மரியா மாண்டிசோரி 1939 நவம்பரில், 69 வயதில், பிரம்மஞான சபை அழைத்து அடையாறு வந்தார். சுமார் 300 பேருக்கு ஓலைக் கொட்டகைகளில் பயிற்சி கொடுத்தார். சில மாதம் தங்கிவிட்டுத் திரும்புவதாகத்தான் ஏற்பாடு. 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்க, பிரிட்டிஷ் அரசுக்கு அவர் எதிரி நாட்டுக்காரர் ஆகிவிட்டார். மகன் மாரியோவை அகமதுநகர் முகாமில் அடைத்தார்கள். அம்மாவின் 70-வது பிறந்தநாளுக்குத்தான் விட்டார்கள்.

1942-ல் கோடைக்கானல் போனார்கள். விஷயமே அங்கேதான். குழந்தைகள் செடி, பூச்சி, கல், தண்ணீர் என்று தேடித் தேடிப் பார்த்தார்கள். இந்த இலையை யார் தின்கிறார்கள், அந்தப் பூச்சியை யார் தின்கிறார்கள், ஓடைக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது... ஒரு கேள்வி இன்னொன்றில் கொண்டுபோய் விடும். 'பிரபஞ்சக் கல்வி' என்று அவர் சொன்னது அங்கே வளர்ந்ததுதான். அது எந்த அலமாரியிலும் அடங்காது.

அட்மிஷனுக்குப் போகிற பெற்றோர் ஃபீஸ் கேட்கிறார்கள், ஏ.சி. உண்டா என்று கேட்கிறார்கள். பிள்ளை தினமும் எவ்வளவு நேரம் வெளியே இருக்கும் என்று கேட்பதில்லை.

இத்தனைக்கும் பெசன்ட் நகர் கடற்கரைக்குக் காசு கிடையாது. நண்டு வளைக்குள் ஓடி மறைந்ததும் மூணு வயசுக் குழந்தை "அது எங்க போச்சு?" என்று குனிந்து தோண்ட ஆரம்பிக்கும். "சீ, கை அழுக்கு, வா!" என்று இழுக்காமல் ஒரு பத்து நிமிஷம் விட்டால் போதும்.