டிகாக்ஷன் இறங்குவதற்குள்...

புராண வைராக்கியம், பிரசவ வைராக்கியம், மயான வைராக்கியம் என்று மூன்று சொல்வார்கள். மூன்றுமே நிலைக்காதவை. நான்காவதாகத் தேகப் பயிற்சி வைராக்கியத்தையும் தாராளமாகச் சேர்க்கலாம். தை முதல் தேதி பிறக்கும். மாசி வருவதற்குள் மறைந்துவிடும். எங்கள் குடியிருப்பில் நடைப் பயிற்சி இயந்திரம் வாங்கியவர்கள் மூன்று பேர். மூன்றிலும் ஈரத் துண்டு நன்றாக உலர்கிறது!

எனக்கு வயது 59. இடை மெலிய வேண்டும் என்ற ஆசையெல்லாம் இந்த வயதில் யாரையும் படுக்கையிலிருந்து எழுப்பாது. என்னை எழுப்பியது வேறு. எங்கள் பெரிய அத்தை தனியாக இருப்பவள். ஓர் இரவு பூஜை அறை வாசலில் கால் இடறிச் சரிந்துவிட்டாள். எலும்பு முறியவில்லை, ஒரு சிராய்ப்புக்கூட இல்லை. ஆனால் தரையிலிருந்து எழுந்திருக்கத் தெம்பில்லை. பால் போடும் பையனின் குரல் கேட்கும் வரை ஐந்து மணி நேரம் அப்படியே கிடந்தாள். "விழுந்தது பெரிசில்லையடி, எழுந்திருக்க முடியவில்லையே!" என்று அவள் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

முன்பெல்லாம் கிணற்றில் இறைத்தோம். தரையில் உட்கார்ந்து காய் நறுக்கினோம், சாப்பிட்டோம். கணக்கில்லாமல் உட்கார்ந்து எழுந்தோம். (அதற்காக ஆட்டுக்கல்லை யாராவது திரும்பக் கொண்டு வந்தால் நான் கதவைத் திறக்க மாட்டேன்!) இப்போது மேடை, மேஜை, நாற்காலி. நாற்பதுக்கு மேல் தசை மெல்லக் கரைகிறது. மாதவிலக்கு நின்ற பிறகு எலும்பும் வேகமாகத் தேய்கிறது.

ஆனால் போனது போனதுதான் என்பதில்லை. 1990-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் 86 முதல் 96 வயது வரையுள்ள 10 பேரைக் காலால் எடை தூக்கப் பழக்கினார்கள். எட்டே வாரத்தில், பயிற்சியை முடித்தவர்களின் கால் வலிமை சராசரியாக 174 சதவிகிதம் கூடியிருந்தது. தொண்ணூறு வயதுப் பாட்டியிடம் கேட்கிற தசை, நம்மிடம் கேட்காதா?

எல்லாம் சரி, தினமும் செய்ய மனம் வர வேண்டுமே என்கிறீர்களா? நான் மனத்தைக் கேட்பதே இல்லை, சகோதரிகளே. காபியோடு முடிச்சுப் போட்டுவிட்டேன். காலைக் காபியை எந்த வீட்டிலாவது மறந்தது உண்டா? ஃபில்டரில் வெந்நீர் ஊற்றினால் டிகாக்ஷன் இறங்கப் பத்து நிமிஷமாவது ஆகிறது. அதுதான் என் உடற்பயிற்சிக் கூடம். நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு பத்து முறை உட்கார்ந்து எழுந்திருப்பேன். முதல் வாரம் நாலைந்துதான் முடிந்தது. அதுவும் கையை ஊன்றி. பிறகு மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது. சுவரில் கை வைத்துத் தள்ளுவது. பால் பொங்கும் வரை ஒற்றைக் காலில் நிற்பது. இதற்கென்று உடை மாற்ற வேண்டாம், பாய் விரிக்க வேண்டாம். மூட்டு வலி, தலைசுற்றல், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மட்டும் டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஜப்பானில் 1928 முதல் இப்படித்தான். வானொலியில் பியானோ ஒலித்ததும் கிழவர்களும் குழந்தைகளும் கைகால் வீசத் தொடங்கிவிடுகிறார்கள். அங்கே பியானோ, இங்கே ஃபில்டர்!

நாள்காட்டியில் தினமும் ஒரு சுழி போடுகிறேன். தீபாவளி, விருந்தாளி, ஜுரம் என்று விட்டுப்போகும் நாட்கள் உண்டு. அவற்றுக்காக வருந்துவதில்லை; மறுநாள் ஃபில்டர் எங்கே ஓடிவிடப் போகிறது?

என் வீட்டுக்காரர் முதலில் பேப்பருக்குப் பின்னாலிருந்து சிரித்துக்கொண்டிருந்தார். இப்போது எண்ணுகிற உத்தியோகம் அவருடையது. ஏழு சொன்ன கையோடு எட்டை விழுங்கிவிட்டு ஒன்பதுக்குத் தாவிவிடுகிறார். காபி சீக்கிரம் கைக்கு வந்துவிடும் அல்லவா?