பால்மரத்து ஊரிலிருந்து பந்தயத் திடலுக்கு

ஈப்போவிலிருந்து பழைய நெடுஞ்சாலையில் தெற்கே வந்தால் கம்பார், தாப்பா, பீடோர் தாண்டிச் சுங்காய். வெந்நீர் ஊற்றில் குளிக்க வருபவர்கள் வழியெங்கும் பார்ப்பது செம்பனைதான். ஒரு காலத்தில் இங்கே பால்மரங்கள் நின்றன. விடியுமுன் மரம் சீவி, வாளியில் பால் சுமந்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்தவர்கள் நம் மக்கள். அந்தப் பால் கப்பலேறி எங்கோ டயராக உருண்டது. கோலகங்சாரில் 1877இல் நட்ட கன்றுகளில் ஒன்று பெரிய மரமாக இன்றும் நிற்கிறது. தைப்பிங்கை அடுத்த கமுண்டிங்கில் டயர்த் தொழிற்சாலையே இருக்கிறது.

மரம் சீவியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இன்று காரென்றால் உயிர். பழைய சத்ரியாவையோ மைவியையோ தாங்களே பழுது பார்த்து, சிப்பாங் திடலில் ஓட்டிப் பார்க்க ஆசைப்படுகிறார்கள். சுங்காயிலிருந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரப் பயணம். 1999இல் திறக்கப்பட்ட திடல். ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர், 15 வளைவுகள். அங்கே சம்பளத்தை விழுங்குவது இயந்திரம் மட்டுமல்ல, டயரும்தான்.

அதனால் டயர் கடைக்குப் போகுமுன் போட்டி விதிகளைப் படியுங்கள். சில தொடர்களில் எல்லாருக்கும் ஒரே நிறுவனத்தின் டயர்தான்; எத்தனை டயர் பயன்படுத்தலாம் என்பதற்கும் கணக்கு உண்டு. பணக்கார அணி ஓட்டத்துக்கு ஓட்டம் புது டயர் மாட்டி முந்திவிடாமல் இருக்கவே இந்தக் கட்டுப்பாடு. நம் அஜித்குமாரின் அணி 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேர ஓட்டத்தில் 991 பிரிவில் மூன்றாம் இடம் பெற்றதும் இப்படி விதிகளுக்கு உட்பட்ட டயர்களில் ஓடித்தான்.

வேறு சில தொடர்கள் தேய்மான எண்ணுக்கு வரம்பு வைக்கின்றன. அமெரிக்காவில் பழைய கார்களை ஓட்டும் லெமன்ஸ் போட்டியில் அது 190க்குக் குறையக் கூடாது. இந்த எண் டயரின் பக்கவாட்டிலேயே இருக்கும். 100 என்பது ஒப்பீட்டு டயர். 200 என்றால் சோதனையில் அதைப்போல் இரு மடங்கு உழைக்கும் என்று பொருள். எண் குறைந்தால் பொதுவாகப் பிடிப்பு கூடும், ஆயுள் குறையும். ஆனால் எண்ணை இடுவது தயாரிப்பாளரே. அதனால் இரண்டு நிறுவனங்களின் 200 ஒன்றுபோல் ஓடும் என்று நம்பிவிட வேண்டாம்.

பக்கவாட்டில் இன்னொரு நான்கு இலக்கமும் உண்டு. 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் தயாரித்தது. மலிவாகக் கிடைக்கும் பழைய டயரைப் பேரம் பேசுமுன் இதைப் பாருங்கள். ரப்பர் காலம் போகப் போக இறுகும்.

கடைசியாக ஒன்று. பிற்பகலில் நம்மூர் மழை சொல்லிக்கொண்டு வராது. வரிப்பள்ளம் குறைந்த பந்தய டயர் தேங்கிய நீரை ஒதுக்காது. கார் நீர்மேல் மிதக்கும். சாலையில் ஓட்ட வரிப்பள்ளம் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் வேண்டும் என்பது சட்டம். பந்தயத்தில் தேய்ந்த டயரோடு இரவு மழையில் பீடோர் நோக்கிப் போகும் லாரிகளின் நடுவே வீடு திரும்பாதீர்கள். சாலை டயர் நான்கைக் காரிலேயே ஏற்றிச் செல்லுங்கள், திடலிலேயே மாற்றிக்கொள்ளுங்கள். அரை மணி நேர வேலை. வீட்டில் அம்மா கதவைத் தாழிடாமல் காத்திருப்பார்.