பகிர்ந்து உண்ணும் மேசை

சிங்கப்பூரின் பூகிஸ் பெருவிரைவு ரயில் நிலையத்திலிருந்து சில நிமிடங்கள் நடந்தால் கம்போங் கிளாம் வட்டாரம் வந்துவிடும். முதலில் கண்ணில் படுவது சுல்தான் பள்ளிவாசலின் பொன்னிறக் குவிமாடம். அதற்கு எதிரே நீளும் புஸ்ஸோரா ஸ்திரீட்டில் இருபுறமும் பழைய கடைவீடுகள் வரிசையாக நிற்கின்றன. அராப் ஸ்திரீட்டில் துணிக்கடைகளும் கம்பளக் கடைகளும் இருக்கின்றன. ஹாஜி லேனின் சுவர்களை வண்ண ஓவியங்கள் நிறைத்திருக்கின்றன. வெள்ளிக்கிழமை மாலையானால் இந்தத் தெருக்களில் கால் வைக்க இடம் இருக்காது. தணலில் வேகும் இறைச்சியின் மணமும் புதினாத் தேநீரின் மணமும் காற்றில் கலந்து வரும். இந்த ஆரவாரத்துக்கு நடுவில்தான் மத்தியதரைக்கடல் உணவு வகைகளைப் பரிமாறும் சிறிய உணவகங்கள் பல இருக்கின்றன.

இவ்வட்டாரத்துக்கும் தொலைதூர நாடுகளுக்கும் உள்ள உறவு நேற்றுத் தொடங்கியது அன்று. 1822ஆம் ஆண்டில் ஸ்டாம்ஃபர்ட் ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டத்தில் இப்பகுதி சுல்தான் ஹுசைனுக்கும் மலாய், பூகிஸ், அரபுச் சமூகத்தினருக்கும் ஒதுக்கப்பட்டது. ஏமன் நாட்டிலிருந்து வந்த அரபு வணிகர்கள் இங்கே குடியேறினர். மக்காவுக்குக் கப்பலேறக் காத்திருந்த புனிதப் பயணிகள் இத்தெருக்களில் தங்கிச் சென்றனர். பாக்தாத், மஸ்கட், கந்தஹார், புஸ்ஸோரா எனத் தெருப்பெயர்களைப் படித்தாலே ஓர் உலகப் படத்தைப் பார்ப்பதுபோல் இருக்கும். புஸ்ஸோரா என்பது ஈராக்கில் உள்ள பஸ்ரா நகரைக் குறிக்கும். 1989ஆம் ஆண்டில் கம்போங் கிளாம் பாதுகாக்கப்பட வேண்டிய பகுதியாக அறிவிக்கப்பட்டது. அதனால் அங்குள்ள கடைவீடுகள் இடிபடாமல் இன்றும் நிலைத்திருக்கின்றன.

கடைவீட்டின் முகப்பு குறுகலானது. உள்ளே செல்லச் செல்ல நீண்டுகொண்டே போகும். அதன் கீழ்த்தளத்தில் உணவகம் நடத்துபவர் ஏழெட்டு மேசைகளுக்கு மேல் போட முடியாது. மேசைகளும் சிறியவை. பக்கத்து மேசையில் பேசுவது காதில் விழும். அடுக்களையில் ரொட்டி உப்புவதை உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கலாம். பெரிய விடுதிகளில் கிடைக்காத ஒரு நெருக்கம் அங்கே தானாக அமைந்துவிடுகிறது.

அத்தகைய உணவகம் ஒன்றுக்கு ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஒரு குடும்பம் வந்தது. தந்தை, தாய், உயர்நிலை மூன்றில் படிக்கும் மகள், எழுபத்திரண்டு வயதுப் பாட்டி என நால்வர். மகளின் தேர்வு முடிந்ததைக் கொண்டாடுவதற்காக அவர்கள் வந்திருந்தனர். பாட்டிக்கு முதலில் வர விருப்பமில்லை.

“இன்று வெள்ளிக்கிழமை. நான் சைவம். அங்கே நான் சாப்பிட என்ன இருக்கப்போகிறது? நீங்கள் போய் வாருங்கள். நான் வீட்டிலேயே ஏதாவது சாப்பிட்டுக்கொள்கிறேன்,” என்று அவர் சொல்லிப் பார்த்தார். பேத்திதான் விடாமல் கையைப் பிடித்து அழைத்து வந்தாள்.

உணவுப் பட்டியலைப் பார்த்த தந்தை, “ஆளுக்கு ஒன்றாகச் சொல்லிவிடலாமா?” என்று கேட்டார். உணவகத்தின் சமையல்காரர் லெபனான் நாட்டைச் சேர்ந்தவர், நரைத்த மீசைக்காரர். அவர் சிரித்துக்கொண்டே, தம் ஊரில் உணவை அப்படித் தொடங்குவதில்லை என்றார். முதலில் சிறு சிறு தட்டுகளில் பலவகை உணவுகளை மேசையின் நடுவில் வைப்பார்களாம். ரொட்டியைப் பிய்த்து, எல்லாரும் எல்லாவற்றிலிருந்தும் எடுத்து உண்பார்களாம். அதற்கு ‘மெஸ்ஸே’ என்று பெயர் எனவும் அவர் விளக்கினார். “இவற்றில் பெரும்பாலானவை காய்கறி உணவுகள்தாம்,” என்று பாட்டியைப் பார்த்துச் சொன்னார்.

சற்று நேரத்தில் தட்டுகள் ஒவ்வொன்றாக வந்தன. வேகவைத்த கொண்டைக்கடலையை எள் விழுது, பூண்டு, எலுமிச்சைச் சாறு ஆகியவற்றுடன் அரைத்த ஹம்மஸ், பொடியாக நறுக்கிய பார்ஸ்லி இலை, புதினா, தக்காளி, உடைத்த கோதுமை ஆகியவை கலந்த தபூலே, சுட்ட கத்திரிக்காயை மசித்துச் செய்த பாபா கனூஷ், பொன்னிறமாகப் பொரித்த ஃபலாஃபெல், ஆலிவ் காய்கள், சுடச்சுடப் பீட்டா ரொட்டி. படம் எடுத்துவிட்டுக் கைப்பேசியை மேசைமீது வைக்கப் பார்த்தாள் பேத்தி. வைப்பதற்கு இடமே இல்லை. அதனால் அது பைக்குள் போயிற்று. மற்றவர்களின் கைப்பேசிகளும் அவ்வாறே பைக்குள் சென்றன.

பாட்டி தயக்கத்துடன் ஒரு ஃபலாஃபெல்லை எடுத்துக் கடித்தார். அவருடைய முகம் மலர்ந்தது.

“இது நம் வடை அல்லவா!” என்றார்.

“இதற்குப் பெயர் ஃபலாஃபெல், பாட்டி.”

“பெயர் என்னவாக இருந்தால் என்ன? கடலையை ஊறவைத்து, வேகவைக்காமல் அரைத்து, வெங்காயமும் தழையும் சேர்த்து எண்ணெயில் போட்டிருக்கிறார்கள். அதைத்தானே நானும் செய்கிறேன்?”

ஹம்மஸின் மீது ஊற்றியிருந்த ஆலிவ் எண்ணெயின் மணம் மட்டும் அவருக்குப் புதிதாக இருந்தது. ஆயினும், தமிழகக் கடற்கரைக்கு அந்த எண்ணெய் புதியது அன்று. புதுச்சேரிக்கு அருகே உள்ள அரிக்கமேட்டில் நடந்த அகழாய்வுகளில் மத்தியதரைக்கடல் பகுதியைச் சேர்ந்த மண்சாடிகளின் உடைந்த துண்டுகள் கிடைத்துள்ளன. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு மதுவையும் ஆலிவ் எண்ணெயையும் சுமந்து வந்த சாடிகள் அவை. இங்கிருந்து மிளகும் துணியும் மணிகளும் அங்கே சென்றன. உணவு நெடுங்காலமாகவே கடல் கடந்து பயணம் செய்துவந்திருக்கிறது.

அடுத்து, பாட்டி கத்திரிக்காய் மசியலை ரொட்டியில் தொட்டு வாயில் வைத்தார். அதை விழுங்கிய பிறகும் சிறிது நேரம் பேசாமல் இருந்தார்.

“இதில் சுட்ட வாசனை இருக்கிறது. செம்பவாங்கில் நாங்கள் கம்பத்து வீட்டில் இருந்தபோது, என் அம்மா கரியடுப்பில் கத்திரிக்காயைச் சுடுவார். கருகிய தோலை உரித்து, புளியும் பச்சை மிளகாயும் சேர்த்துப் பிசைவார். பெரிய தட்டில் சோற்றைப் போட்டு நடுவில் வைப்பார். பிள்ளைகள் ஆறு பேரும் சுற்றி உட்கார்ந்துகொள்வோம். கடைசித் தம்பிக்கு மட்டும் அம்மா உருட்டிக் கொடுப்பார்.”

“இதையெல்லாம் நீங்கள் என்னிடம் சொன்னதே இல்லையே, பாட்டி!”

“எப்போது சொல்வது? நான் ஆறரை மணிக்குச் சாப்பிட்டுவிடுகிறேன். உன் அம்மா வேலை முடிந்து வர எட்டு மணி ஆகிறது. உன் அப்பா வரும்போது நான் படுத்துவிடுகிறேன். நீ தட்டை எடுத்துக்கொண்டு உன் அறைக்குப் போய்விடுகிறாய்.”

அவருடைய குரலில் குறையோ கோபமோ இல்லை. மழை வரும்போல் இருக்கிறது என்று சொல்வதுபோல இயல்பாகச் சொன்னார். ஆனால், மேசையைச் சுற்றியிருந்த மூவரும் அமைதியாகிவிட்டனர். ஒரே வீட்டில் இருந்தும், பாட்டி நாள்தோறும் தனியாகவே சாப்பிடுகிறார் என்பதை அவர்கள் அதுவரை எண்ணிப் பார்த்ததில்லை. தந்தை சூடான ரொட்டி ஒன்றைப் பிய்த்துத் தம் தாயின் தட்டில் வைத்தார். “அந்தக் கம்பத்து வீட்டைப் பற்றி இன்னும் சொல்லுங்கள், அம்மா,” என்றார்.

மத்தியதரைக்கடலைச் சுற்றி வாழும் மக்களின் உணவு உடலுக்கு நல்லது என்று பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். ஆன்சல் கீஸ் என்னும் அமெரிக்க அறிவியலாளர், உணவுப் பழக்கத்துக்கும் இதயநோய்க்கும் உள்ள தொடர்பை அறிய 1958ஆம் ஆண்டில் ஏழு நாடுகளில் ஓர் ஆய்வைத் தொடங்கினார். அதில் கிரேக்க நாட்டின் கிரீட் தீவைச் சேர்ந்த ஆண்களிடையே இதயநோய் மிகக் குறைவாகக் காணப்பட்டது. காய்கறி, பருப்பு வகைகள், தானியம், பழம், ஆலிவ் எண்ணெய் ஆகியவை அவர்களுடைய அன்றாட உணவில் மிகுதியாக இருந்தன. அதன் பிறகு இந்த உணவுமுறை உலகெங்கும் பேசப்பட்டது.

2010ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அமைப்பு இவ்வுணவுமுறையை மனிதகுலத்தின் மரபுடைமைகளுள் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது. இன்று ஸ்பெயின், கிரீஸ், இத்தாலி, மொரோக்கோ, சைப்ரஸ், குரோஷியா, போர்ச்சுகல் ஆகிய ஏழு நாடுகளின் பெயரில் அது பதிவாகியுள்ளது. யுனெஸ்கோ பதிவு செய்திருப்பது வெறும் சமையல் குறிப்புகளை அன்று. பயிரிடுதல், மீன்பிடித்தல், சமைத்தல், விருந்தினரை உபசரித்தல், குடும்பமும் அண்டை வீட்டாரும் ஒன்றாக அமர்ந்து உண்ணுதல் ஆகிய அனைத்தும் அதில் அடங்கும். உணவுமுறையைக் குறிக்கும் ‘டயட்’ என்னும் சொல், ‘டியைட்டா’ என்னும் பழைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அதன் பொருள் ‘வாழும் முறை’ என்பதாகும்.

ஆலிவ் எண்ணெயையும் கொண்டைக்கடலையையும் எந்தப் பேரங்காடியிலும் வாங்கலாம். அவற்றைச் சுற்றி நால்வர் உட்காருவதற்கு நேரம் ஒதுக்க வேண்டும். அதுதான் கடினம். வேலை நேரம், துணைப்பாட வகுப்பு, வீட்டுப்பாடம், இரவுப் பணி என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கால அட்டவணை இருக்கிறது. நாள்தோறும் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுவது பல வீடுகளில் இயலாத காரியம். இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஆனால், அந்த நேரத்தில் பேசப்பட வேண்டிய கதைகள் பேசப்படாமலே போய்விடுகின்றன. செம்பவாங் கரியடுப்பின் கதை, ஒரு கத்திரிக்காய் மசியலுக்காக இத்தனை ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

அந்தக் குடும்பம் பெரிய மாற்றம் எதையும் செய்துவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை இரவு ஏழு மணிக்கு நால்வரும் ஒன்றாகச் சாப்பிடுவது என்று மட்டும் முடிவு செய்தது. முதல் ஞாயிறன்று பாட்டி எரிவாயு அடுப்பின் தீயில் கத்திரிக்காயைத் திருப்பித் திருப்பிச் சுட்டார். எப்போது வெந்தது என்று எப்படித் தெரியும் எனப் பேத்தி கேட்டாள். “காம்பைத் தொட்டுப் பார். அழுத்தினால் அமுங்க வேண்டும்,” என்றார் பாட்டி. தோலை உரிக்கையில் பேத்தியின் விரல்கள் கரியாயின.

கம்போங் கிளாமின் கடைவீடுகள் இடிபடாமல் காப்பதற்குச் சட்டம் இருக்கிறது. ஒன்றாக அமர்ந்து உண்ணும் வழக்கத்தைக் காப்பதற்கு அப்படியொரு சட்டம் இல்லை. அந்தப் பொறுப்பு ஒவ்வொரு வீட்டுக்கும் உரியது.