‘இல்லை’ என்பதற்கும் கூலி உண்டு

தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில் வாசிப்பறைக்குப் போகிறவர் கைப்பையையும் பேனாவையும் வெளியே விட்டுவிட வேண்டும். பென்சில், தாள், மடிக்கணினி, அவ்வளவுதான். எனக்கு முன்னால் நடந்த பெண்மணிக்கு இதையெல்லாம் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சீட்டில் எழுதினார், கொடுத்தார், ஜன்னலோரம் ஒரு மேசையில் போய் உட்கார்ந்தார். மணியைப் பார்த்து நோட்டில் குறித்துக்கொண்டார். அந்த நிமிடத்திலிருந்து அவருக்குக் கூலி ஓடத் தொடங்கியது.

டர்பனில் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அறுபதைத் தாண்டிவிட்டார். எல்லோருக்கும் ‘ஆன்ட்டி’, எனக்கும் அப்படியே ஆகிவிட்டார். நேட்டால் என்கிற இந்தப் பகுதியின் தமிழர்களில் நான்காம் தலைமுறை. ஆயா, தாத்தா, சாம்பார் அளவுக்குத் தமிழ் வரும், மற்றதெல்லாம் ஆங்கிலம். யாரோ ஒருவருடைய முன்னோரைக் காகிதங்களில் தேடிக் கொடுப்பது இப்போது அவருடைய தொழில்.

அவருக்கு அன்றைய வாடிக்கையாளர் ஆரணி பக்கத்துக் கிராமமொன்றில் இருக்கிற, ஓய்வு பெற்ற தபால்காரர். அவருடைய தாத்தாவின் தம்பி 1890களின் கடைசியில் கரும்புத் தோட்ட வேலைக்கு நேட்டாலுக்குக் கப்பலேறிப் போனார், திரும்பவில்லை. குடும்பம் கேட்டுக்கொண்டதால் அவர் பெயரை முனுசாமி என்றும், அவருடைய தகப்பனார் பெயரை ராமசாமி என்றும் இங்கே மாற்றி வைத்துக்கொள்கிறேன். வேறு வேலையாக டர்பன் வந்த என்னிடம் தபால்காரர் சொல்லியனுப்பியது இது: “கூடவே உக்காந்து என்ன பண்றாங்கன்னு பாத்துட்டு வாங்க சார். பணம் கட்டியிருக்கோம்.”

டர்பனிலிருந்து உள்நாட்டுப் பக்கம் சுமார் எண்பது கிலோமீட்டர் மலையேறி வந்தால் இந்த ஊர். 1893 ஜூனில் காந்தியை ரயிலிலிருந்து இறக்கிவிட்ட நிலையம் இங்கேதான் இருக்கிறது. வழியில் ஆன்ட்டி தன் ஒப்பந்தத்தைப் பற்றிச் சொன்னார். பாதிப் பணம் முன்பணம். மணிக்கணக்கில் கூலி, அதற்கு ஓர் உச்சவரம்பு. நகல் செலவு தனி. என்ன பார்த்தோம், எந்தப் பெட்டியில் பார்த்தோம், எதைப் பார்த்தும் ஒன்றும் கிடைக்கவில்லை என்பதெல்லாம் அறிக்கையில் வரும். “கண்டுபிடித்துத் தருவேன்” என்ற வாக்குறுதி மட்டும் எந்த வரியிலும் கிடையாது. அந்த வாக்குறுதியைக் கொடுத்து மொத்தமாக ஒரு விலை சொல்கிறவர்களும் இருக்கிறார்களாம். அவர்களிடமிருந்து அழகான வம்சவிருட்சப் படம் வரும், பொன்னிறச் சட்டத்தோடு. அதிலிருக்கும் பெயருக்கு ஆதாரம் என்ன என்று கேட்டால் பதில் வராது.

குடும்பம் முதலில் எழுதிக் கேட்டது “எங்கள் சொந்தக்காரர்களைக் கண்டுபிடித்துக் கொடுங்கள்” என்று. அந்த வேலையை ஆன்ட்டி ஏற்றுக்கொள்ளவில்லை. தெரிந்ததை மூன்று பத்தியாகப் பிரித்து எழுதி அனுப்பச் சொன்னார்: கையில் காகிதம் இருப்பவை, வீட்டில் பெரியவர்கள் சொன்னவை, நீங்களாக ஊகித்தவை. தபால்காரரின் முதல் பத்தி வெறுமையாக வந்தது. இரண்டாவது நிறைய வந்தது. அதற்குப் பிறகுதான் வேலையை வகுத்தார்: ஆரணி வட்டாரத்திலிருந்து 1895க்கும் 1902க்கும் இடையே வந்த முனுசாமிகள் யார் யார், அவர்களில் யாரை நீக்கலாம், யாரை நீக்க முடியாது. இவ்வளவுதான் அவர் விற்கிற சரக்கு.

காசு கொடுக்காமலே பார்க்கக்கூடியதை முதலில் பார்த்துவிடுங்கள் என்றும் எழுதியிருந்தார். தன் வருமானத்தைத் தானே குறைத்துக்கொள்கிற இந்த ஆலோசனையை எத்தனை பேர் சொல்வார்கள் என்று தெரியவில்லை. நேட்டாலுக்கு வந்தவர்களின் கப்பல் பட்டியல்களைப் பெயர்த்தெழுதி இணையத்தில் போட்டிருக்கிறார்கள். மொரீஷியஸ் போனவர்களென்றால் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்திடம் குடியேற்றப் பதிவேடுகள் இருக்கின்றன; வாரிசுகள் தம் சான்றிதழ்களோடு நேராகவே விண்ணப்பிக்கலாம். புதுச்சேரிக் குடும்பங்களுக்கு, பிரெஞ்சு ஆட்சிக்காலப் பிறப்பு, திருமணப் பதிவுகளில் ஒரு பகுதியைத் தெற்குப் பிரான்சிலுள்ள கடல்கடந்த நாடுகளுக்கான ஆவணக் காப்பகம் திரையிலேயே காட்டுகிறது. ஆள் வைப்பது இவற்றுக்கெல்லாம் அப்புறம். திரையில் இல்லாத காகிதத்துக்குத்தான் கூலி.

நேட்டாலில் அப்படிப்பட்ட காகிதம் மலையாகக் கிடக்கிறது. சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் வந்து சேர்ந்தது முதல், 1911இல் ‘உம்லாசி’ கடைசியாக வந்தது வரை, 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக இறங்கினார்கள். பெரும்பான்மையோர் சென்னையில் ஏறியவர்கள். இறங்கிய ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுக்கப்பட்டது. பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாணா, கிராமம், உயரம், உடம்பில் உள்ள தழும்பு என்று எல்லாம் அந்த எண்ணுக்கு நேரே எழுதப்பட்டன. பெயரை எழுத்தர் எப்படி வேண்டுமானாலும் எழுதுவார், எண் மாறாது. கல்யாணம் பதிந்தாலும், எஜமானர் மீது புகார் செய்தாலும், ஓடிப்போனாலும் அந்த எண்தான். ஐந்து வருட ஒப்பந்தம். முதல் வருடம் மாதம் பத்து ஷில்லிங், பிறகு வருடத்துக்கு ஒரு ஷில்லிங் கூடும். 1895ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் வந்தவர், ஒப்பந்தம் முடிந்தும் மறு ஒப்பந்தம் போடாமல், ஊருக்கும் போகாமல் தங்கினால் ஆண்டுக்கு மூன்று பவுன் வரி. 1914 வரை அந்த வரி இருந்தது. அதை வசூலிக்க அரசு ஆளைத் தேடித் தேடிக் குறித்து வைத்தது. அன்று அந்த ஆளைப் பிழிவதற்காக எழுதிய காகிதத்தை இன்று நாம் மணிக்குக் காசு கொடுத்துப் படிக்கிறோம்.

இவற்றையெல்லாம் பார்த்துக்கொண்டது ‘இந்தியக் குடியேறிகளின் காப்பாளர்’ என்ற அதிகாரி. எஜமானரிடம் அடி வாங்கிப் பல் உடைந்து வந்த பாலசுந்தரத்தை வேறு எஜமானரிடம் மாற்றுவதற்குக் காந்தி போய்ப் பார்த்ததும் இந்தக் காப்பாளரைத்தான். அந்த அலுவலகத்தின் கடிதக் கோப்புகள்தான் இந்தக் கட்டடத்தில் இருக்கின்றன.

ஆன்ட்டி அட்டவணையைத் திரையில் திறந்தார். எல்லாம் சுருக்கெழுத்து. ‘என்.ஏ.பி.’ என்றால் இந்தக் காப்பகம். ‘ஐ.ஐ.’ என்றால் இந்தியக் குடியேற்றத் துறை. ‘எம்.எஸ்.சி.இ.’ என்றால் இறந்தவர்களின் சொத்துக் கோப்பு. பெயர்ப் பெட்டியில் அவர் ‘முனுசாமி’ என்று ஒரு முறைகூடத் தட்டவில்லை. மூன்சாமி, முன்சாமி, மூனிசாமி, மூனசாமி, மூனேசாமி என்று ஆங்கில எழுத்தை மாற்றி மாற்றி ஒவ்வொன்றாகப் போட்டார். பிறகு பெயரை விட்டுவிட்டு, கப்பல் பட்டியலில் எடுத்து வைத்திருந்த எண்களைப் போட்டார். “பெயரை வைத்துத் தேடினால் ஆயிரம் பேர் கிடைப்பார்கள், எண்ணை வைத்தால் ஒருவர்தான்” என்றார்.

வட ஆர்க்காடு ஜில்லா, ஆரணி என்று பதிவான முனுசாமிகளில் வருடத்தையும், ஏறத்தாழ ஒத்துவரும் தகப்பன் பெயரையும் வைத்துச் சலித்ததில் மூன்று பேர் மிஞ்சியிருந்தார்கள். பெட்டிகள் வந்தன. கட்டியிருந்த நாடாவை அவிழ்த்து, தாள்களை மேசையிலிருந்து உயர்த்தாமல் ஒவ்வொன்றாகப் புரட்டினார். முதலாமவர் வந்தபோதே வயது முப்பத்தெட்டு; இரண்டாம் வருடத்தில் தோட்டத்திலேயே காய்ச்சலில் இறந்ததாகக் காப்பாளருக்குத் தகவல் போயிருக்கிறது. நம் ஆள் கல்யாணமாகாத பையனாகப் போனவர். ஆன்ட்டி அவரை நீக்கினார், ஆனால் பக்கத்தில் ‘வயதை வைத்து’ என்று காரணம் எழுதினார். பட்டியல் வயதை நூற்றுக்கு நூறு நம்ப முடியாது, பின்னால் யாராவது கேட்டால் எதை வைத்து நீக்கினோம் என்று தெரிய வேண்டுமாம்.

இரண்டாமவர் ஒப்பந்தம் முடிந்து சென்னைக்குத் திரும்பிவிட்டதாகக் குறிப்பு. “அப்போ இவர் இல்லை. நம்மவர் வீட்டுக்குத் திரும்பவே இல்லையே” என்றேன்.

ஆன்ட்டி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “சென்னையில் இறங்கியவர் ஆரணிக்குப் போனார் என்று எந்தத் தாளில் இருக்கிறது?” என்று கேட்டார். மெட்ராஸிலேயே தங்கியவர்கள் உண்டு. வீட்டை எதிர்கொள்ள முடியாமல் மறுபடி கப்பலேறியவர்கள் உண்டு. இரண்டாமவரை அவர் அடிக்கவில்லை, பெயருக்கு நேரே ‘திறந்திருக்கிறது’ என்று எழுதினார். எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது. நாள் முழுக்க உட்கார்ந்து ஒருவரைக்கூட முழுசாக நீக்காமல் எழுந்திருப்போமோ என்று தோன்றியது.

மூன்றாமவருக்கு வயது இருபது. பட்டியலில் கிராமத்தின் பெயர் சிதைந்திருந்தாலும் வாய்விட்டுப் படித்தால் தபால்காரர் ஊர்தான். தகப்பன் பெயர் மட்டும் ‘ராமன்’. அவர் எண்ணில் ஒரு கடிதம் கிடைத்தது. தோட்டத்துக்காரர் இரண்டு மாதக் கூலியை நிறுத்தி வைத்திருக்கிறார் என்று மாஜிஸ்திரேட் வழியாகக் காப்பாளருக்கு வந்த புகார். யாரோ எழுத்தர் ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார். அடியில் கையெழுத்துக்குப் பதில் ஒரு பெருக்கல் குறி. அதன் இருபுறமும் ‘அவருடைய குறி’ என்று எழுத்தரின் கையெழுத்து. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆன்ட்டி நகலுக்கான சீட்டில் பெட்டி எண்ணையும் கோப்பு எண்ணையும் எழுதிவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விட்டார். “நீ பார். எனக்குக் கூலி ஓடுகிறது” என்றார் சிரித்துக்கொண்டே.

அடுத்த பெட்டியில் அவருடைய கல்யாணப் பதிவு. மனைவிக்கும் ஓர் எண் இருந்தது. அதைக் கப்பல் பட்டியலில் பார்த்தால் செங்கல்பட்டு ஜில்லா, வேறொரு கப்பல். ஒரு மகன் பிறந்ததும் பதிவாகியிருந்தது. அதோடு ‘ஐ.ஐ.’ தொடரில் அவர் தடம் நின்றது. அடுத்து சொத்துக் கோப்புகளைப் பார்க்க வேண்டும். இங்கே ஒருவர் இறந்து சொத்து பதிவாகியிருந்தால் இறப்பு அறிவிப்பு என்று ஒரு படிவம் இருக்கும். பிறந்த இடம், பெற்றோர் பெயர், துணை, பிள்ளைகள் எல்லாம் அதில் வரிசையாக வரும். ஆராய்ச்சியாளர்களுக்கு அதைப் போல ஒரு காகிதம் வேறில்லை. ஆனால் சொத்து இல்லாதவருக்குக் கோப்பும் பெரும்பாலும் இல்லை. மகன் பெயரில் தேடலாமென்றால், இங்கே பலருக்குத் தகப்பன் பெயரே குடும்பப் பெயராக நின்றுவிட்டது. மூன்சாமி என்ற குடும்பப் பெயரில் திரையில் வரிசை வரிசையாக வந்துகொண்டேயிருந்தது. வேறு சிலர் பின்னாளில் கோவெண்டர், பிள்ளை, நாயக்கர் என்று சேர்த்துக்கொண்டார்கள். இது இன்றைய மணிக்கணக்குக்குள் அடங்காது என்றார் ஆன்ட்டி.

மதியம் வெளியே வந்து தபால்காரருக்கு வாட்ஸ்ஆப்பில் வீடியோ கால் போட்டேன். பின்னால் வீட்டாட்கள் நாலைந்து பேர் எட்டிப் பார்த்தார்கள். பெருக்கல் குறியைப் பற்றிச் சொன்னபோது யாரும் பேசவில்லை. பிறகு பெரியவர் கேட்டார்: “அப்போ அவரு நம்ம ஆளுதானா சார்?”

மொழிபெயர்த்துச் சொன்னேன். ஆன்ட்டி தலையை ஆட்டவுமில்லை, அசைக்கவுமில்லை. “இருக்கலாம். தகப்பன் பெயர் பொருந்தவில்லை. இரண்டாவது ஆள் இன்னும் திறந்திருக்கிறார். அறிக்கையில் ‘சாத்தியம் அதிகம், நிரூபணமாகவில்லை’ என்றுதான் எழுதுவேன்” என்றார். பெரியவர் முகம் சுருங்கியது. பக்கத்திலிருந்த பேரன், “இதுக்கா தாத்தா இவ்ளோ பணம்?” என்றது எனக்குக் கேட்டது, நல்லவேளை, ஆன்ட்டிக்குப் புரியவில்லை. ஆனால் அந்தப் பணத்துக்கு வந்தது இந்த மூன்று வார்த்தைதான் என்று நினைக்கிறேன். ஆமாம் என்று சொல்லியிருந்தால் வீட்டுச் சுவரில் ஒரு படம் ஏறியிருக்கும். யாரோ ஒரு ராமன் மகனுக்கு ஆடி அமாவாசையில் எள்ளும் தண்ணீரும் விட்டுக்கொண்டிருப்பார்கள்.

ஆன்ட்டி அடுத்த கட்டத்துக்கு விலை சொல்லவில்லை. இனி வேலை ஆரணி பக்கம் என்றார். ராமசாமியை ஊரில் ராமன் என்றும் கூப்பிட்டார்களா? அந்தக் காலத்து நிலப் பத்திரம், கடன் சீட்டு, எதிலாவது அந்தப் பெயர் இருக்கிறதா? அது தெரிந்தால் இங்கே இன்னும் இரண்டு மணி நேரத்தில் ஒரு முடிவுக்கு வரலாம். இல்லாமல் இங்கே தேடினால் உங்கள் பணம்தான் போகும்.

பெரியவர் உடனே சொன்னார்: “பத்திரம் இருக்குது. பூட்டன் காலத்துப் பத்திரம், நானே சின்ன வயசுல பாத்திருக்கேன்.”

“எங்கே இருக்கிறது?”

“என் சித்தப்பா மகன் வீட்டுப் பெட்டியில.” கொஞ்சம் இழுத்தார். “பாகப்பிரிவினையில சண்டை. அவனும் நானும் பேசி இருபது வருஷமாச்சு சார். அடுத்த தெருதான்.”

என்ன சொல்கிறார் என்று ஆன்ட்டி கேட்டார். சொன்னேன். நோட்டில் மணியைப் பார்த்துக் கூலிக் கணக்கை நிறுத்தினார். கீழே, ‘வாடிக்கையாளரிடமிருந்து வர வேண்டியது’ என்ற தலைப்பில் ஒரே ஒரு வரி எழுதி அடிக்கோடிட்டார்: பத்திரம், அடுத்த தெரு.