மர்பி டவுன் முச்சந்தியில் ஆபேரி

பெங்களூரில் கர்நாடக இசை கேட்க இடங்களுக்குக் குறைவில்லை. 1939இல் தொடங்கிய ஸ்ரீராமசேவா மண்டலி, ராமநவமி வந்தால் சாமராஜபேட்டையில் பந்தல் போட்டு நாள்கணக்கில் கச்சேரி நடத்துகிறது. மர்பி டவுனில் நான் பேசியவர்களில் ஒருவர்கூட அங்கே போனதில்லை. ஆனால் தோடியும் காம்போதியும் அவர்கள் காதுக்குப் புதிதல்ல. இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில், ஒரு ஜால்ரா, ஒரு சுருதிப் பெட்டி என்று ஆறு பேர் கொண்ட செட்டு அவற்றை வாசலுக்கே கொண்டுவந்துவிடுகிறது. அந்த செட்டோடு ஓர் அம்மன் புறப்பாட்டு இரவில் தெருத்தெருவாக நடந்தேன்.

மர்பி டவுனின் பழைய பெயர் நாக்ஸ்பேட்டை. கன்டோன்மென்டின் நிர்வாகப் பொறியாளராக இருந்த மர்பியின் பெயர் பிறகு நிலைத்தது. 1809இல் கன்டோன்மென்ட் உருவானதிலிருந்து பட்டாளத்தோடும் பட்டாளத்தை நம்பியும் வந்து சேர்ந்த தமிழர்களின் வழிவந்தவர்கள் இந்தப் பக்கம் நிறைய. சந்தையில் கொஞ்ச நேரம் நின்றால் தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே வாக்கியத்துக்குள் வந்துபோகும். இங்கே வாசிக்கிறவரும் அப்படித்தான் இருந்தாக வேண்டும். தியாகராஜர் வேண்டும், காவடிச் சிந்து வேண்டும், கன்னட வீடென்றால் புரந்தரதாசரின் ‘பாக்யதா லக்ஷ்மி பாரம்மா’ வேண்டும். “இது மூணும் கையில இல்லாம பெங்களூர்ல தொழில் பண்ண முடியாது சார்” என்றார் முதல் நாதஸ்வரம் வாசிக்கும் பெரியவர்.

கோயிலின் பின்பக்கத் திண்ணையில் தவில்காரர் வலக்கை விரல்களில் கூடு மாட்டிக்கொண்டிருந்தார். துணிப் பட்டையை மாவுப் பசையில் தோய்த்து, விரலளவுக்குச் சுற்றிக் காயவைத்தது. வலந்தலையில் இந்த விரல்கள் விழும். இடது பக்கத் தொப்பியில் கழி விழும். தவிலின் உடல் பலா மரம். முன்பு தோல்வாரை இழுத்துக் கட்டிச் சுருதி ஏற்றினார்கள். இப்போது இரும்பு வளையமும் போல்டும் வந்துவிட்டதால் அவர் பையில் ஸ்பானர் இருக்கிறது. “வார் பிடிக்கிறதுக்குள்ள கை செத்துப்போகும் சார். இப்ப அஞ்சு நிமிஷம்.” பழையதை எண்ணி ஏங்குகிறவர்களுக்கு இந்த ஸ்பானர் பிடிக்காமல் இருக்கலாம். அவர் கை மிச்சமானதில் எனக்கு மகிழ்ச்சிதான்.

பெரியவரின் வாத்தியம் நரசிங்கம்பேட்டையில் செய்தது. பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் ஆச்சா மரத்தைத் தேடி வாங்கிக் கடைகிற ஊர் அது. அந்த நாதஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சீவாளி திருவாவடுதுறையிலிருந்து வருகிறது. நாணல் தட்டையில் செய்த அந்தச் சிறு துண்டுதான் வாத்தியத்தின் உயிர். கயிற்றில் தொங்கிய சீவாளிகளை ஒவ்வொன்றாக வாயில் வைத்து நனைத்தார், ஊதினார், விட்டுவிட்டார். நான்காவது பேசியது. “தஞ்சாவூர் வெயில்ல பேசுறது இங்க ராத்திரி குளிர்ல பேசாது. இதுக்குன்னே தனியா நாலஞ்சு பதம் பண்ணி வெச்சிருக்கேன்.” விரலுக்கு ஏழு துளைகள்தான். மற்ற சுரங்களும் கமகமும் துளையைப் பாதி மூடுவதிலும், உதட்டையும் மூச்சையும் மாற்றுவதிலும் பிறக்க வேண்டும். அதையும் நடந்துகொண்டே, பல்லக்கைப் பார்த்தபடி பின்பக்கமாக அடி எடுத்துவைத்துக்கொண்டே செய்கிறார்கள்.

அம்மன் வெளியே வந்ததும் மல்லாரி. கம்பீர நாட்டையில் சாகித்தியம் ஏதும் இல்லாமல் சுரமும் தாளமும் மட்டுமே நடக்கும் உருப்படி. இரண்டாம் காலத்துக்கு வந்தபோது மாடிகளில் ஆள் தெரிந்தது. சந்தை முச்சந்தியில் பல்லக்கை இறக்கினார்கள். நான் காத்திருந்தது இந்த இடத்துக்காகத்தான்.

இளைஞர்கள் முன்னால் வந்து ‘சிங்கார வேலனே’ கேட்டார்கள். 1962இல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’ படப் பாட்டு. எஸ். ஜானகியின் குரலோடு காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரம் ஓடும். பெரியவர் தலையசைத்துவிட்டு ஆபேரியைத் தொடங்கினார். பாட்டை அல்ல, ராகத்தை. கீழே நிதானமாக நின்று, மேலே ஏறி, மேல் ஷட்ஜத்தில் நெடுநேரம் நிறுத்தினார். பையன்களில் ஒருவன் பொறுமையில்லாமல் கையை ஆட்டினான். பூக்கடைப் பெண்மணி கட்டிக்கொண்டிருந்த சரத்தை மடியில் போட்டுவிட்டு நிமிர்ந்தார். இரண்டாவது நாதஸ்வரம் விட்ட இடத்தில் பிடித்தது. தவில்கள் மெல்ல உள்ளே நுழைந்தன. கால் மணி நேரம் கழித்துப் பாட்டு வந்தபோது, அந்தப் பையன்களுக்கு அது வரப்போவது முன்பே தெரிந்துவிட்டது. முதல் சுரத்திலேயே கூவினார்கள்.

பிறகு கேட்டேன். “சினிமாப் பாட்டு கேட்டா கோவிச்சுக்கிறவங்க இருக்காங்க. நான் வாசிச்சுடுவேன். ஆனா ராகத்தைச் சொல்லாம பாட்டுக்குப் போகமாட்டேன். அவங்க கேட்டதும் கிடைச்சுது, நான் குடுக்க நினைச்சதும் குடுத்தாச்சு.” இசையை மக்களிடம் கொண்டுபோவது பற்றி அரங்குகளில் நிறையக் கேட்டிருக்கிறேன். இவ்வளவு தெளிவான வழிமுறையை யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

காருகுறிச்சியின் குரு திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956). நின்றபடியே வாசித்துவந்த கலைஞர்கள் மேடையில் அமர்ந்து வாசிக்கும் மரியாதைக்குப் போராடி வென்றவர். அந்த மரியாதை எல்லோருக்கும் வந்துசேரவில்லை. தமிழ்நாட்டில் இசை வேளாளர்களும் கர்நாடகத்தில் பெரும்பாலும் சவிதா சமூகத்தவரும் காத்துவந்த கலை இது. சாதியைச் சொல்லித் தள்ளிவைத்த பழக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை. கல்யாண மண்டபங்களில் இவர்களுக்கு ஒரு மூலை ஒதுக்குகிறார்கள். கெட்டிமேளத்துக்கு விரல் நீட்டும்போது மட்டும் நினைவு வருகிறது. சிறு கோயில்களில் மணியும் முரசும் தானாக அடிக்கும் மின் இயந்திரம் வந்து தினசரி பூஜை வாசிப்பைப் பறித்துக்கொண்டது. வருமானம் முகூர்த்தங்களை நம்பி இருப்பதால் ஆடியிலும் மார்கழியிலும் கை காய்ந்துவிடும். இரண்டாவது தவில்காரர் அந்த மாதங்களில் ஆட்டோ ஓட்டுகிறார். பத்து வருடம் சாதகம் செய்த கைகள் அவை. ஒரு நகரம் தன் கலைஞர்களை இப்படி நடத்துவது எனக்குப் பொறுக்கவில்லை.

நள்ளிரவு தாண்டி அம்மன் கோயிலுக்குத் திரும்பியது. கமிட்டிக்காரர் கொடுத்த பணத்தைப் பெரியவர் அங்கேயே ஆறாகப் பிரித்தார். ஜால்ரா போட்ட பையனின் பங்கை மட்டும் இரண்டு முறை எண்ணிக் கையில் வைத்தார். காலையில் கே.ஆர். புரத்தில் முகூர்த்தம், நாலரைக்கு வண்டி.

“அடுத்த வருஷமும் நீங்கதாண்ணா. ஆனா முச்சந்தியில அரை மணி நேரம் போதும், டிராஃபிக் நிக்குது” என்றார் கமிட்டிக்காரர்.

“அரை மணி ஆபேரிக்கே பத்தாதுப்பா. தோடி கேட்டாங்கன்னா என்ன பண்ணுவே?”

கொஞ்ச நேரம் பேசி, முக்கால் மணிக்கு ஒப்புக்கொண்டார்கள்.