மன்னி கேட்ட கேள்வி

இதைப் படித்துவிட்டு, "இதையெல்லாமா ஒரு குடும்பப் பெண் பத்திரிகையில் எழுதுவாள்?" என்று உங்களில் யாராவது முகத்தைச் சுளித்தால் நான் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. போன வருஷம் வரைக்கும் நானும் சுளித்திருப்பேன்.

போன வருஷம் ஆடி மாதம் என் பிள்ளை ரகுவின் கழுத்தில் ஒரு கட்டி தெரிந்தது. வலி இல்லை. சுளுக்கு என்று நினைத்துத் தைலம் தடவினேன். மாதம் ஒன்றாகியும் கரையவில்லை. பிறகு டாக்டர், ஊசி, சதையை எடுத்துச் சோதனை என்று ஒவ்வொன்றாக வந்து, கடைசியில் 'ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா' என்று பெயர் சொன்னார்கள். நிணநீர்க் கணுக்களில் வரும் புற்றுநோய். வாலிபர்களைத் தேடி வருகிற வியாதி. ரகுவுக்கு வயது 24.

அந்தப் பெயர் எனக்குப் புதிதல்ல. 1987-ல் என் அண்ணாவுக்கும் இதேதான் வந்தது. அப்போது அவனுக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். பிழைக்கமாட்டான் என்று எல்லோரும் கைவிட்டிருந்தோம். பிழைத்தான். இன்றைக்கும் காலையில் நடந்து போய்ப் பால் வாங்கி வருகிறான். ஆனால் குழந்தை பிறக்கவில்லை.

குழந்தை இல்லையென்றால் எங்கள் வீட்டில் யாரைப் பார்ப்பார்கள்? உங்கள் வீட்டில் யாரைப் பார்ப்பார்களோ, அவளைத்தான். மன்னியை ராமேசுவரம் அழைத்துப் போனார்கள். அரச மரம் சுற்றச் சொன்னார்கள். கண்ட லேகியத்தையும் கொடுத்தார்கள். என் அம்மா கண்ணை மூடுகிற வரை மன்னியின் ஜாதகத்தில்தான் குற்றம் கண்டுபிடித்துக்கொண்டிருந்தாள். என் வளைகாப்பு அன்று மன்னி வளையல் தட்டை எடுத்துக்கொண்டு ஆசையோடு முன்னால் வந்தாள். ஓர் அத்தை அதை அவள் கையிலிருந்து வாங்கி வேறொருத்தியிடம் கொடுத்தாள். நான் மணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

இருக்கட்டும். ரகுவின் விஷயத்துக்கு வருகிறேன்.

அது ஒரு வியாழக்கிழமை. திங்கட்கிழமை கீமோதெரபி ஆரம்பம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தலைமுடி கொட்டும், வாந்தி வரும், பச்சைக் காய்கறி ஆகாது என்று எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினார். "வேறு ஏதாவது கேட்கணுமா?" என்றார். என் வீட்டுக்காரர் இன்ஷூரன்ஸைப் பற்றிக் கேட்டார். நான் பத்தியத்தைப் பற்றிக் கேட்டேன். பிளாஸ்கில் காப்பி எடுத்துக்கொண்டு துணைக்கு வந்திருந்த மன்னி, மூலை நாற்காலியில் இருந்தபடியே, "டாக்டர், இந்த மருந்தாலே இவனுக்குப் பின்னாலே குழந்தை பிறக்காமல் போகுமா?" என்று கேட்டாள்.

எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. ரகு ஜன்னலைப் பார்த்தான்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "நான் சொல்லியிருக்க வேண்டும். கல்யாணமாகாத பையன் என்று விட்டுவிட்டேன்" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காக நான் அவரை இன்னும் முழுக்க மன்னிக்கவில்லை. கல்யாணமாகாத பையனுக்கல்லவா அதை முதலில் சொல்ல வேண்டும்!

அவர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். வேகமாகப் பெருகுகிற அணுக்களைத் தேடி அடிப்பதுதான் இந்த மருந்துகளின் வேலை. நல்லது கெட்டது அதற்குத் தெரியாது. முடி கொட்டுவது அதனால்தான். ஆணின் உடம்பில் விந்தணு உற்பத்தியும் ஓயாமல் நடப்பது. ஓர் அணு உருவாகச் சுமார் இரண்டரை மாதம் ஆகிறதாம். அதுவும் அடிபடும். அண்ணா காலத்தில் கொடுத்த மருந்துகள் இந்த விஷயத்தில் மகா கொடியவை. இப்போது முதலில் கொடுப்பவை அவ்வளவு மோசமில்லை. பலருக்குச் சில வருஷங்களில் சரியாகிவிடும். ஆனால் உத்தரவாதம் கிடையாது. முதல் மருந்துக்கு வியாதி அடங்காமல், கடுமையான மருந்தும் எலும்பு மஜ்ஜை சிகிச்சையும் தேவைப்பட்டால் திரும்புவது ரொம்பக் கஷ்டம். ஆகவே மருந்து உடம்பில் ஏறுவதற்கு முன்பே விந்துவை எடுத்து உறைய வைத்துவிட வேண்டும். இரண்டு மூன்று நாள் போதும். சிகிச்சை தள்ளிப் போகாது. புற்றுநோய்க்கு மட்டுமல்ல, சிறுநீரகக் கோளாறுக்கும் லூபஸ் போன்ற வியாதிகளுக்கும் கடுமையான மருந்து கொடுக்கும்போதும் இதை யோசிக்க வேண்டுமாம். வயதுக்கு வராத சிறு பையன்களுக்கு இந்த வழி இல்லை. எடுத்து வைக்க ஒன்றும் உற்பத்தி ஆகியிருக்காதே!

வெளியே வந்ததும், "உங்களுக்கு எப்படித் தெரியும், மன்னி?" என்று கேட்டேன்.

"எனக்குத் தெரியாமல் யாருக்கும்மா தெரியும்?" என்றாள். "தொண்ணூத்தாறிலே உங்க அண்ணாவைச் சோதிச்சுப் பார்த்தா. ஒண்ணுகூட இல்லைன்னா. மருந்தாலே போயிடுத்துன்னு டாக்டரம்மா சொன்னா."

"இத்தனை வருஷமா ஏன் சொல்லலை?"

"பிழைச்சு வந்த மனுஷர். அவரைப் போய் நாலு பேர் பேசணுமா? என்னைப் பேசி அவாளுக்குப் பழகிப் போயிடுத்து."

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நான் அழுதது ரகுவுக்காக என்று எல்லோரும் நினைத்தார்கள்.

ரகு லேசில் சம்மதிக்கவில்லை. "நான் இருப்பேனான்னே தெரியலை. இப்போ இதுதான் முக்கியமா, மாமி?" என்றான். "இருப்பேன்னுதானேடா இதை வைக்கச் சொல்றேன்" என்றாள் மன்னி. அதற்குமேல் அவன் பேசவில்லை.

வெள்ளிக்கிழமை ஒரு தடவை, ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை. தாழ்ப்பாள் போட்ட சிறிய அறை, மூடி போட்ட ஒரு டப்பா, அவ்வளவுதான். ரத்தத்தில் எச்.ஐ.வி.யும் மஞ்சள் காமாலைக் கிருமிகளும் இருக்கின்றனவா என்று பார்த்தார்கள். வெளியே நானும் இவரும் ஒரே பத்திரிகையை ஆளுக்குப் பாதியாகப் பிடித்துக்கொண்டு ஒருவரையொருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம்.

பரிசோதனைக் கூடத்துப் பெண் தங்கமான குணம். ஃப்ரீஸரில் வைத்த தக்காளியை எடுத்தால் கொழகொழவென்று போவதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? உள்ளே இருக்கும் தண்ணீர் ஊசி ஊசியாக உறைந்து சதையைக் கிழித்துவிடுகிறது. விந்தணுவுக்கும் அந்தக் கதிதான். அதைத் தடுப்பது கிளிசரின்! 1949-ல் இங்கிலாந்து விஞ்ஞானிகள் சேவலின் விந்துவை வைத்துச் சோதனை செய்தபோது, புட்டிகளின் சீட்டு மாறிப் போனதால் தற்செயலாகக் கண்டுபிடித்தார்களாம். கிளிசரின் கலந்து, சிறு குழாய்களில் அடைத்து, பெரிய பால் கேன் போன்ற பாத்திரத்தில் திரவ நைட்ரஜனில் அமிழ்த்துகிறார்கள். பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரி. எடுத்து உருக்கும்போது ஒரு பங்கு செத்துப் போகும், மிச்சம் போதும். வியாதியினால் ரகுவுக்கு எண்ணிக்கை குறைவாகத்தான் இருந்தது. "கவலைப்படாதீர்கள், அம்மா. ஒரு முட்டைக்குள் ஒரே ஓர் அணுவைச் செலுத்தும் முறை 1992-லிருந்தே இருக்கிறது" என்றாள் அந்தப் பெண். இங்கிலாந்தில் 1979-ல் ஒரு 17 வயதுப் பையன் சிகிச்சைக்கு முன் வைத்துவிட்டுப் போனது, 21 வருஷம் உறைந்திருந்து, 2002-ல் ஆண் குழந்தையாகப் பிறந்திருக்கிறது.

சம்மதப் படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: நீங்கள் இறந்துபோனால் இதை என்ன செய்வது? பெற்ற வயிறு படிக்கக்கூடிய கேள்வியா அது? ஆனால் சடங்குக்காகக் கேட்பதல்ல. 2020-ல் இப்படி வைத்துவிட்டு இறந்துபோன டில்லி இளைஞர் ஒருவரின் பெற்றோர் கோர்ட்டுக்குப் போய், 2024 அக்டோபரில்தான் டில்லி ஹைகோர்ட்டு அதை அவர்களிடம் கொடுக்கச் சொல்லித் தீர்ப்புச் செய்தது. ரகு படிவத்தை என்னிடமிருந்து வாங்கி, ஏதோ ஒரு கட்டத்தில் குறி போட்டு, மடித்துக் கொடுத்தான். எதில் போட்டான் என்று நான் இதுவரை கேட்கவில்லை.

ஆறு மாத சிகிச்சை முடிந்தது. முடி சுருட்டையாக முளைத்திருக்கிறது. வேலைக்குப் போகிறான். நகை லாக்கருக்குக் கட்டுவது போல் அந்தச் சிறு குழாய்களுக்கும் வருஷ வாடகை, "கட்டியாச்சாடா?" என்று மன்னிதான் போனில் விரட்டுகிறாள். அவளையும் அண்ணாவையும் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். "பேரை மட்டும் போடாதே" என்றான் அண்ணா.

தை மாதம் என் நாத்தனார் பெண்ணுக்கு வளைகாப்பு. முதல் வளையலை மன்னிதான் அடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். "எனக்குப் பழக்கமில்லையேம்மா" என்கிறாள். நான் விடப் போவதில்லை.