விழுறதுக்கு ஒரு டிக்கெட்!

பனியைப் பார்க்கப் போறது வேற, பனியில் சறுக்கப் போறது வேற பாஸ்! பார்க்கணும்னா ஒரு வாடகை கோட்டும் கேமராவும் போதும். பனிப்பந்து எறிஞ்சு, போட்டோ எடுத்து, சூடா மேகி சாப்பிட்டுட்டு அன்னிக்கே இறங்கிடலாம். ஆனா, காலில் ரெண்டு நீளப் பலகையை மாட்டிக்கிட்டு, மலைச்சரிவில் நீங்களே இறங்கி, நீங்களே பிரேக் போட்டு நிக்கணும்னா அதுக்கு ஒரு வாரம் வேணும். முட்டியில் பலம் வேணும். எல்லாத்துக்கும் மேல, பனி வேணும்.

'காஷ்மீர்ல பனி இல்லாமலா?'ன்னுதானே கேட்கிறீங்க? சிக்கலே அங்கேதான்.

நம்ம நாட்டில் பனிச்சறுக்குன்னா முதல் பேர் குல்மார்க். ஸ்ரீநகரிலிருந்து 50 கிலோமீட்டர். உயரம் சுமார் 2,650 மீட்டர். நம்ம தொட்டபெட்டா சிகரமே 2,637 மீட்டர்தான்! தமிழ்நாட்டோட உச்சாணிக் கொம்பில் நின்னா, குல்மார்க்கோட அடிவாரத்துக்கு வந்திருக்கோம்னு அர்த்தம். அங்கிருந்து கோண்டோலான்னு ஒரு கேபிள் கார். பழனி ரோப் காரோட பெரியண்ணன்னு வெச்சுக்கோங்க. முதல் கட்டம் கோங்டூரி வரை. 2005-ல் திறந்த ரெண்டாவது கட்டம், அஃபர்வத் மலையில் சுமார் 3,950 மீட்டருக்குத் தூக்கிட்டுப் போகும்.

காஷ்மீரில் டிசம்பர் 21-ல் தொடங்குற 40 நாள் கடுங்குளிருக்கு 'சில்லாய் கலான்'னு பேர். நமக்கு மார்கழி மாதிரி, ஆனா கோலம் போட்டா உறைஞ்சு போயிடும். பனி அந்த நாட்களில்தான் கொட்டணும். ஆனா 2024 ஜனவரியில் பெரும்பாலான நாட்கள் குல்மார்க் மைதானம் பழுப்புப் புல்லோட கிடந்தது. மாசக் கடைசியில்தான் பனி வந்தது. 2025-ல் இன்னும் மோசம். பிப்ரவரி 22-ல் தொடங்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுப் போட்டிகளையே பனி போதாம தள்ளிவெச்சு, மார்ச்சில் நடத்தினாங்க. தேசியப் போட்டிக்கே இந்த கதின்னா, நம்ம செமஸ்டர் லீவுக்கு எம்மாத்திரம்?

அதனால, டிசம்பர் லீவில் போய்ட்டு வந்துடலாம்னு கணக்குப் போடாதீங்க. ஜனவரிக் கடைசியிலிருந்து பிப்ரவரி முழுக்கத்தான் நம்பிக்கையான நாட்கள். அப்போ காலேஜ் நடக்கும். 75 சதவீத அட்டெண்டன்ஸ் கத்தி தலைக்கு மேல தொங்கும். வருஷ ஆரம்பத்திலிருந்தே கட் அடிக்காம நாட்களைச் சேர்த்து வைக்கிறவங்களுக்குத்தான் இந்த டூர். (சினிமாவுக்குப் போக வேண்டாம்னு சொல்லலை. சனிக்கிழமை போங்க!)

அடுத்தது, எப்படிக் கத்துக்கிறது? வழியிலேயே 'சார், ஸ்கீ? ஒரு மணி நேரம்?'னு நிறைய பேர் கேட்பாங்க. ஒரு மணி நேரத்தில் உங்களைப் பிடிச்சு இழுத்துட்டுப் போவாங்களே தவிர, சறுக்கத் தெரியாது. என் ஓட்டு கோர்ஸுக்குத்தான். குல்மார்க்கிலேயே மத்திய சுற்றுலா அமைச்சகத்தோட பனிச்சறுக்கு, மலையேற்றப் பயிற்சி நிறுவனம் இருக்கு. காஷ்மீர் வேண்டாம்னா, உத்தரகாண்ட் மாநிலத்தில் அவுலி. அங்கே கர்வால் மண்டல் விகாஸ் நிகம்ங்கிற அரசு நிறுவனம் 7 நாள், 14 நாள் கோர்ஸ் நடத்துது. தங்குமிடம், சாப்பாடு, பலகை, பூட்ஸ், மாஸ்டர் எல்லாம் ஒரே கட்டணத்தில். தனித்தனியா வாடகை கொடுத்து, பேரம் பேசி, கடைசியில் கணக்குப் பார்த்து அதிர்ச்சி அடையுறதைவிட இது எவ்வளவோ மேல்.

அவுலிக்கு ரிஷிகேஷிலிருந்து ஒரு முழு நாள் மலைப்பாதை, ஜோஷிமட் வழியா. அந்த ஊரில் 2023 ஜனவரியில் நிலம் உள்வாங்கி, நூற்றுக்கணக்கான வீடுகளில் விரிசல் விழுந்தது ஞாபகம் இருக்கா? அப்போ அவுலி ரோப்வேயையும் நிறுத்தினாங்க. மேலே போக ரோடும் இருக்கு. பனியளவில் குல்மார்க் பெரியது, செலவில் அவுலி சின்னது.

இப்போ கொஞ்சம் நம்ம டிபார்ட்மென்ட் மேட்டர். பலகை வழுக்குறதுக்குக் காரணம், பனியோட மேற்பரப்பில் உருவாகுற மெல்லிய நீர்ப்படலம். கிளம்புறது ரொம்ப ஈஸி, நிக்கிறதுதான் படிப்பு. முதல் நாள் பாடமே இதுதான்: பலகைகளோட முன்நுனியைச் சேர்த்து, பின்பக்கத்தை அகட்டி வைக்கணும். மேலிருந்து பார்த்தா பீட்சா துண்டு மாதிரி இருக்கும். உள்விளிம்புகள் பனியைக் கீறும், வேகம் குறையும். விழப் போறோம்னு தெரிஞ்சா பக்கவாட்டில் உட்கார்ந்த மாதிரி விழணும்.

பூட்ஸையும் பலகையையும் இணைக்கிற கிளிப்புக்கு 'பைண்டிங்'னு பேர். விழும்போது அது டக்குனு கழன்றுக்கணும். கழலலைன்னா நீளப் பலகை நெம்புகோல் மாதிரி உங்க முழங்காலைத் திருகிடும். எவ்வளவு விசையில் கழலணும்னு உங்க எடை, உயரம், அனுபவத்தை வெச்சுத்தான் திருகுவாங்க. ஸோ, கடையில் எடை கேட்டா வெட்கப்படாம உண்மையைச் சொல்லுங்க. 'எனக்கு நல்லா வரும் பாஸ்'னு கெத்து காட்டாதீங்க. அந்தக் கெத்துக்கு விலை ஒரு லிகமென்ட்!

கத்துக்கிட்ட மூணாவது நாள் ஒரு ஆசை வரும். கோண்டோலாவில் உச்சிக்குப் போய் இறங்கிப் பார்த்தா என்னன்னு. வேண்டாம். மேலே இருக்கிறது அனுபவசாலிகளோட இடம். எல்லைக்கு வெளியே போனா அவங்களுக்கே உத்தரவாதம் கிடையாது. 2023 பிப்ரவரியில் அஃபர்வத் பனிச்சரிவில் போலந்து நாட்டைச் சேர்ந்த ரெண்டு பேர் இறந்தாங்க. 2024 பிப்ரவரியில் ரஷ்யர் ஒருவர். புதுப்பனி கொட்டின மறுநாள்தான் மலை ரொம்ப அழகா இருக்கும், அன்னிக்குத்தான் அபாயமும் அதிகம். பனிக் காவல் குழு 'மூடியிருக்கு'ன்னா மூடியிருக்கு, அவ்வளவுதான்.

வீட்டில் பர்மிஷன்? 2025 ஏப்ரலில் பஹல்காமில் 26 பேரைச் சுட்டுக் கொன்ற பிறகு, காஷ்மீரில் பல சுற்றுலா இடங்களை மூடினாங்க. அம்மா முதல்ல அதைத்தான் கேட்பாங்க, கேட்கிறதும் நியாயம்தான். அரசு அறிவிப்புகளைப் பார்த்துட்டு, கேன்சல் பண்ணா காசு திரும்பி வர்ற மாதிரி ரூம் போடுங்க. இன்ஷூரன்ஸ் எடுத்தா சாகச விளையாட்டும் சேர்ந்திருக்கான்னு படிச்சுப் பாருங்க. பல பாலிசியில் இருக்காது.

காசு மிச்சம் பண்ண ரயில்தான். சென்னையிலிருந்து அந்தமான் எக்ஸ்பிரஸ், கன்னியாகுமரியிலிருந்து ஹிம்சாகர் ரெண்டும் கட்ரா வரை போகும். ஹிம்சாகரில் மூணு நாள்! சீட்டுக்கட்டும் புளியோதரையும் கட்டாயம். 2025 ஜூனிலிருந்து கட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு வந்தே பாரத் ஓடுது, சுமார் மூணு மணி நேரம். அப்புறம் ரோட்டில் டங்மார்க். அங்கிருந்து மேலே 13 கிலோமீட்டர். பனி அதிகமானா டயரில் சங்கிலி கட்டின வண்டிகளைத்தான் விடுவாங்க. ரூம் வாடகை டங்மார்க்கில் குறைவு.

ஜீன்ஸ் பேன்ட்டை ஹாஸ்டலிலேயே விட்டுடுங்க. நனைஞ்சா காயாது, விறைச்சுப் போகும். தெர்மல், அதுக்கு மேல ஃபிளீஸ், வெளியே தண்ணி புகாத ஜாக்கெட். கூலிங் கிளாஸ் ஸ்டைலுக்கு இல்லை, பனியில் பட்டுத் திரும்புற வெயில் கண்ணைச் சுட்டுடும். வெளிமாநில ப்ரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது, குரூப்பில் ஒருத்தர்கிட்டயாவது போஸ்ட்பெய்டு இருக்கணும். கிளம்புறதுக்கு ஆறு வாரம் முன்னாடியே சுவரில் சாய்ஞ்சு நாற்காலி இல்லாம உட்கார்ந்து பழகுங்க. முதல் நாள் ஒரு நிமிஷம் தாண்டுறதே கஷ்டம்.

திட்டத்தில் ரெண்டு நாள் சும்மா விட்டுவைங்க. பனி அதிகமா விழுந்தாலும் கோண்டோலா நிக்கும், விழாட்டியும் சறுக்கல் நிக்கும். அந்த நாட்களில் கணப்பு பக்கத்தில் உட்கார்ந்து, உப்புப் போட்ட நூன் சாயா குடிச்சுப் பாருங்க (முதல் வாய் பிடிக்காது, மூணாவது வாய் ஓகே). ஊர்க்காரங்களோட பேசுங்க. ஸ்லெட்ஜ் இழுக்கிறவருக்கும், பூட்ஸ் வாடகைக்கு விடுறவருக்கும் பனி வந்தாத்தான் வருமானம். காஷ்மீரியில் பனிக்கு 'ஷீன்'னு பேர். புதுப்பனி விழுந்தா ஒருத்தருக்கொருத்தர் 'ஷீன் முபாரக்' சொல்லிப்பாங்க. காலையில் ஜன்னலைத் திறந்து வெள்ளையா இருந்தா, எதிர்ல வர்றவருக்கு நீங்களும் சொல்லுங்க.